காலி வீட்டுக் குழாய்கள்

குழாய்க்காரருக்கு உட்காரத் தெரியாது. நிற்பார், நடப்பார், அவசரமென்றால் ஓடுவார். சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிடுவார். "சோறு வயித்துல தங்காம நேரா காலுக்கு இறங்கட்டும்னு பார்க்கறீங்களா?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போதெல்லாம் தட்டை அலமாரியின் மேலேயே வைத்துவிடுகிறாள். வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தாறு வருஷமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். கேலி செய்வதற்கும் இப்போது அங்கே இரண்டு பேர்தான் மிச்சம்.

ஊருக்கு நடுவில் பள்ளம். பேருந்து நிலையம், கடைகள், தண்ணீர் அலுவலகம் எல்லாம் அங்கே. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கிழக்கு மேடு, அந்தப் பக்கம் மேற்கு மேடு. மேட்டுக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழாய்கள் ஏறுகின்றன. குழாய்க்காரரின் வீடு கிழக்கு மேட்டில். அவருடைய அக்கா வீடு எதிர்ப்பக்கம், மேற்கு மேட்டில். மாடியில் நின்றால் ஒருவர் வீட்டை ஒருவர் பார்க்கலாம்.

காலை ஐந்தரை மணிக்கு அவர் செய்கிற முதல் காரியத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் பதறிப்போவார்கள். கிழக்கு மேட்டு உச்சியில், குழாய் முடிகிற இடத்தில், ஒரு வால்வைத் திறந்து நல்ல தண்ணீரைக் கால் மணி நேரம் சாக்கடையில் விடுவார். வேறு வழியில்லை. குழாய் பெரிது, குடிக்கிற வாய் குறைவு. தண்ணீர் நகராமல் நின்றால் கெட்டுப்போகும், துரு வாடை அடிக்கும். நிற்கிற தண்ணீரைத் துரத்தினால்தான் புதுத் தண்ணீர் வரும். ஒரு காலத்தில் இதே இடத்தில் இதே மனிதர் நூறு குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஆளுக்கு ரெண்டு குடம்தான்" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவருடைய முன்னோர் அத்தனை பேரும் அன்றைக்குத் திட்டு வாங்குவார்கள். ஒரு தடவை ஓர் அம்மாள் காலிக் குடத்தாலேயே அவர் முதுகில் ஒன்று போட்டாள். மழை நாளில் அந்த இடம் இன்னும் வலிக்கிறது. அடித்த அம்மாளின் வீடு ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி குழாய்க்காரர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

குழாய் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அவருடைய அப்பாவும் ஒரு காரணம். அப்பா குழாய் பதித்த கூட்டத்துக்கு மேஸ்திரி. அப்போது ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் ஏதாவது ஒரு குழந்தையை மிதிக்காமல் போக முடியாது. அவர் வீட்டிலேயே ஆறு பிள்ளைகள். ஒருவர் புரண்டு படுத்தால் ஆறு பேரும் சேர்ந்து புரள வேண்டும். அலுவலகம் ஒரு சாண் அகலக் குழாய் போதும் என்றபோது, அப்பா ஒற்றைக் காலில் நின்று இரண்டு சாண் குழாய் வாங்க வைத்தார். பேரன் பேத்தி காலத்துக்கும் பத்த வேண்டும் என்பது அவர் கட்சி. பேரன் பேத்திகளை யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்கள் அப்போது பிறந்திருக்கவுமில்லை, பிற்பாடு அதிகமாகப் பிறக்கவுமில்லை.

ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் ஊரை விட்டுப் போனார்கள். அக்காவும் இவரும் தங்கினார்கள். இவருக்கு ஒரே பையன். பையனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகிறது, "இப்போதைக்கு இல்லப்பா" என்பதும் ஏழு வருஷமாகிறது. இந்தக் கணக்கைச் சொல்ல நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை, அவர் மனைவியின் பரணைப் பார்த்தால் போதும். மாமியார் சமைத்த பெரிய பானை முதலில் பரணுக்குப் போனது, பிறகு நடுத்தரப் பானை போனது, இப்போது அடுப்பில் இருப்பதைப் பானை என்று சொன்னால் பானைக்கு வெட்கம்.

அலுவலகத்தில் பதினான்கு பேர் பார்த்த வேலையை மூன்று பேர் பார்க்கிறார்கள், மூவருமே ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஆள் தேவை என்று நான்கு தடவை விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க இதே கதைதான். டீக்கடையில் "டீ நீங்களே போட்டுக்கொள்ளவும், டம்ளரைக் கழுவி வைக்கவும்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைக்காரருக்கு முழங்கால் போய்விட்டது, பதிலுக்கு ஆள் இல்லை. குழாய்க்காரர் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அதை அறுபது என்றார்கள், அப்புறம் அறுபத்து மூன்று என்றார்கள். இவர் ஓர் அடி எடுத்து வைத்தால் ஓய்வு இரண்டடி தள்ளிப் போகிறது. வீடுகள் காலியாகிக்கொண்டே போனாலும் குழாயின் நீளம் மட்டும் ஓர் அங்குலம் குறையவில்லை. நூறு வீடு பகிர்ந்துகொண்ட செலவைப் பத்து வீடு பகிர்ந்தால் கட்டணம் ஏறாமல் என்ன செய்யும்? ஏறியது. ஏறியதால் இன்னும் சிலர் போனார்கள். யாரைப் பிடித்துத் திட்டுவது என்றே தெரியாத ஓர் அநியாயம் இது.

அப்படியிருக்கும்போதுதான் அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எந்த மேட்டுக் குழாயில் புழக்கத்திலுள்ள வீடுகள் பத்துக்குக் குறைகிறதோ, அந்தக் குழாய் ஆறு மாதம் கழித்து மூடப்படும். அதற்கு மேலும் அங்கே இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர். லாரித் தண்ணீர் என்றால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். மேற்கு மேட்டில் பதினோரு வீடு. கிழக்கு மேட்டில், குழாய்க்காரர் வீட்டையும் சேர்த்து, எட்டு.

அறிவிப்பை அவர் இரண்டு தடவை படித்தார். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பையன் என்றைக்காவது திரும்பி வந்து அந்த வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். பையன் வெகு தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில், முதியோர் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம், விடுப்பு மட்டும் கிடையாது, அங்கேயும் ஆள் பற்றாக்குறை. மூன்று வருஷமாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்பா" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குழாய்க்காரர் வருஷா வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் யோசித்தார், நடந்துகொண்டேதான். மூன்றாம் நாள் ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கிழக்கு மேட்டை விட்டுப் போனவர்கள் "அப்பப்ப ஒரு பார்வை பார்த்துக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போன ஆறு சாவிகள். இப்போதெல்லாம் வீட்டு மீட்டர்கள் தாமாகவே அலுவலகக் கணினிக்குச் செய்தி அனுப்பிவிடுகின்றன. மீட்டர் ஓடினால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று கணக்கு. ஆக, மீட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதானே?

அன்றிலிருந்து தினமும் காலை வேலை முடிந்ததும் ஒரு நீல வாளியைத் தூக்கிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போனார். குடத்தால் அடித்த அம்மாளின் சமையலறைக் குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது, மூன்றாம் நாள்தான் தெளிந்தது. தையல்காரர் வீட்டில் மேஜை மேல் அளவுக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூன்று மகன்களுக்கென்று மூன்று மாடி கட்டி, மாடிக்கு ஒரு சமையலறை வைத்திருந்தார். மூன்றிலும் ஒரு நாள்கூட அடுப்பு எரியவில்லை. மகன்களில் ஒருவருக்குத்தான் குழந்தை, அதுவும் கடல் தாண்டி. குழாய்க்காரர் வீட்டுக்கு ஒரு வாளி பிடிப்பார், அதைக் கழிவறையில் ஊற்றுவார், இல்லாவிட்டால் காய்ந்து நாற்றமடிக்கும். சரியாக இருபது லிட்டர். குறைத்தால் மீட்டருக்குப் பத்துமோ பத்தாதோ, கூட்டினால் மனசாட்சி குத்தும். வேலையில் அவர் அப்படி ஒரு கண்டிப்பு. திருட்டிலும் அதே கண்டிப்பைக் காட்டினார்.

மனைவி இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"காலி வீட்டுக்கெல்லாம் எதுக்குப் போறீங்க?"

"பார்வை பார்க்கச் சொல்லியிருக்காங்கல்ல."

"ஒன்பது வருஷமா பார்க்காத பார்வை இப்ப என்ன? அதுவும் வாளியோட."

அவர் திருட்டு முழி முழித்தார். பிறகு உண்மையைச் சொன்னார். மின்கட்டணத்துக்குப் பயந்து ஆள் அறையை விட்டு வெளியே கால் வைக்கும் முன்பே விளக்கை அணைக்கிற பெண் அவள்.

"இல்லாத ஆளுக்குத் தண்ணி திறந்துவிடற ஒரே மனுஷன் நீங்கதான்" என்றாள். "யாராவது கேட்டா எனக்குத் தெரியாது. நான் சமைச்சுட்டு இருந்தேன்."

ஆறு மாதம் ஓடியது. அவரும் ஓடினார். ஜுரத்தோடு ஓடினார், மழையில் ஓடினார். ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது, தெரியாததால்தான் தவறவிடாமல் ஓடினார்.

அலுவலகப் பொறியாளர் வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். முப்பது வயதுப் பெண், ஐந்து ஊருக்கு அவர் ஒருவர்தான். பாதிச் சாப்பாட்டைக் காரிலேயே முடித்துக்கொள்கிறவர். ஆறு மாதம் முடிந்த வியாழக்கிழமை, குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, இதைப் பாருங்க. உங்க கிழக்கு மேடு எட்டுலேருந்து பதினாலு. என் அஞ்சு ஊருலயும் அம்புக்குறி மேல பார்க்கறது இது ஒண்ணுதான். மேலிடத்துல கேட்டாங்க, எப்படிங்க ஆளுங்க திரும்பி வராங்கன்னு. நல்ல தண்ணி குடுக்கறோம்னு சொல்லி வெச்சேன்."

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மேடும் பத்துக்கு மேலதான மேடம். அப்ப ரெண்டும் இருக்கும்ல?"

பொறியாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அங்கதான் சிக்கல். மூணு பேரை வெச்சு ரெண்டு மேட்டைப் பார்க்க முடியாது. பம்பு மோட்டார் வேற ரெண்டும் பழசு, ஒண்ணு வாங்கத்தான் ஒப்புதல் வந்திருக்கு. ஒரு மேட்டைத்தான் வெச்சுக்கலாம், வளர்ற மேட்டை வெச்சுக்கோன்னு உத்தரவு. மேற்கு மேட்டைப் பதினஞ்சு நாள்ல மூடணும். நீங்கதான் மூடணும்."

கூரை மேலே இருந்து இறங்கி அவர் தலையில் உட்கார்ந்தது போல இருந்தது. பத்தைத் தாண்ட வேண்டும் என்று மட்டும் நினைத்தவர் அவர். இன்னொருவரை முந்துவோம் என்று நினைக்கவில்லை. அதுவும் அக்காவை.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. மாமா போன பிறகு வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு இயந்திரங்களை வைத்துத் துணி துவைக்கும் கூடம் நடத்துகிறாள். பள்ளத்தில் இருக்கிற முதியோர் இல்லத்தின் படுக்கை விரிப்புகள் முழுக்க அவளிடம்தான் வருகின்றன, நாளைக்கு நூற்றிருபது. ஊரிலேயே வளர்கிற தொழில் அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறாள். லாரித் தண்ணீர் அவளுக்கு ஒரு காலை வேளைக்குக்கூடக் காணாது.

அறிவிப்புக் கடிதத்தை மேற்கு மேட்டு வீடுகளில் கொடுக்க வேண்டியதும் குழாய்க்காரர்தான். பத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனார். அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா தம்பி? அந்த முனையைப் பிடி. ரெண்டு பேர் மடிச்சாதான் இது மடங்கும்."

பிடித்தார். கை மாட்டிக்கொண்டதால் கால் நின்றது. அக்கா தன் முனையை மடித்து அவரை நோக்கி வந்தாள், அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டாள், அடுத்த விரிப்பின் முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள்.

"கடுதாசி கொண்டு வந்திருப்பியே. மேஜை மேல வை. எனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."

"அக்கா..."

"நீ என்னடா பண்ணுவ? மேலேருந்து சொல்றாங்க, நீ திருகற." அவள் வந்தாள், போனாள். "உங்க பக்கம் பதினாலாமே. யார் யார் வந்திருக்காங்க?"

"அது... இப்படி ஒண்ணு ரெண்டு பேர்."

"நல்லதுதான். நான் சாயங்காலம் மாடியில காய்ஞ்ச துணி எடுக்கும்போது உங்க மேட்டைப் பார்ப்பேன். எட்டு விளக்குதான் தெரியும். எண்ணிப் பழக்கமாயிடுச்சு, எட்டு வந்தா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு ஒரு நிம்மதி. புதுசா வந்தவங்க சீக்கிரம் தூங்கிடறாங்க போல."

அவர் கையிலிருந்த முனை நழுவியது. வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

அக்கா குனிந்து அதைச் சுருட்டி எடுத்தாள். "பார்த்தியா, மறுபடி துவைக்கணும்" என்றாள். "பரவால்ல. தண்ணி இருக்கிற வரைக்கும் துவைச்சுக்கறேன்."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அக்காவின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சின்ன வயதில் சீட்டாட்டத்திலேயே முடியாது. அவர் படியிறங்கிய வேகத்தைப் பார்த்த ஒரு வேலைக்காரப் பெண், குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அடுத்த ஒரு வாரம் அவர் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பம்பு அறைக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று மறந்துவிட்டுத் திரும்புவார். ஒரு நாள் உச்சி வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்து, தெருவெல்லாம் வெள்ளம். அத்தனைக்கும் நடுவில் ஆறு வீட்டுக்கும் வாளியோடு போவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பையனின் வீடு போகும், நிறுத்தாவிட்டால் அக்காவின் பிழைப்பு போகும். ஓட்டுநர் வீட்டு மூன்றாம் மாடிச் சமையலறையில் நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று அழுதார். பிறகு, அழுத நேரத்தில் வாளி நிரம்பி வழிந்து அரை லிட்டர் அதிகமாகிவிட்டதே என்று வேறு கவலைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையனுக்குப் போன் செய்தார்.

"ஒரே ஒரு கேள்விப்பா. நீ இங்க வருவியா, மாட்டியா? சும்மா சொல்லு. இங்கயும் வேலை இருக்கு, ஆள் இல்லாமத் தவிக்கறாங்க."

அந்தப் பக்கம் யாரோ ஒரு முதியவர் எதையோ கேட்க, பையன் "இதோ வரேன் தாத்தா" என்று சொல்வது கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"அப்பா, என் பொறுப்புல இருபத்திரெண்டு பேர் இருக்காங்க. யாரோட அப்பாவையோ குளிப்பாட்டிட்டு இருக்கும்போதுதான் உங்க போன் வருது, எப்பவும். எனக்கு அது எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க? இங்க அவளோட அப்பா அம்மாவையும் நாங்கதான் பார்க்கணும், அவளும் ஒரே பொண்ணு. இவ்வளவு நாள் வர முடியலன்னு சொல்லிட்டிருந்தேன். அது பொய்ப்பா. நான் அங்க வர மாட்டேன். அந்த வீட்டை எனக்காக வெச்சிருக்காதீங்க."

குழாய்க்காரர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கோபம் வரவில்லை. பையன் உண்மையைச் சொல்ல மூன்று வருஷம் தவித்திருக்கிறான் என்பதுதான் உறைத்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்பா."

"சரி வை."

வியாழக்கிழமை பொறியாளர் வந்ததும், குழாய்க்காரர் அவர் மேஜை மேல் ஆறு சாவிகளையும் போட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பொறியாளர் திரையில் அந்த ஆறு வீடுகளைத் தேடி எடுத்தார். அறுநூறு, அறுநூறு, அறுநூறு. முப்பத்தொரு நாள் உள்ள மாதத்தில் அறுநூற்று இருபது. ஆறு வீட்டிலும், ஆறு மாதமும்.

"ஆள் இருக்கிற வீடுன்னா ஒரு நாள் விருந்தாளி வரும், ஒரு நாள் பூட்டிட்டு வெளியூர் போவாங்க" என்றார் பொறியாளர் மெதுவாக. "இது என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. அஞ்சு ஊரைப் பார்க்கறதுல எதையும் பார்க்கல." பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதை அப்படியே எழுதினா உங்க வேலை போயிடும் அண்ணா."

"போகட்டும் மேடம்."

"போகட்டும்னா? போனா வால்வை யார் திருகறது? நானா?" அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உங்களை அனுப்பக்கூட எங்ககிட்ட ஆள் இல்ல. ஆறு குடும்பம் மறுபடி காலி பண்ணிட்டாங்கன்னு எழுதறேன். அம்புக்குறி கீழ திரும்பிக்கும். ஆனா கிழக்கு மேடு எட்டு. பத்துக்குக் குறைவு. உங்க வீடும் அதுலதான இருக்கு?"

"அதுலதான்."

"மேற்கு இருக்கட்டும்னு எழுதவா?"

"எழுதுங்க மேடம்."

மற்ற ஏழு வீட்டுக்கும் அவரே போய்ச் சொன்னார், செய்ததையும் சேர்த்து. ஓய்வுபெற்ற தபால்காரர், "ஆறு மாசம் எங்களுக்காகவும் ஓடியிருக்கியேப்பா" என்றார். அடுத்த வீட்டு அம்மாள் கதவை முகத்தில் அறைந்தாள். "அக்கா வீடுன்னதும் எங்களை வித்துட்ட" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை என்று அவருக்குத் தெரியும்.

கிழக்கு மேட்டுக் குழாயை மூடுகிற நாளன்று காலையில் அவர் கடைசியாக வீட்டுக்குப் போனபோது, மனைவி இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். பரணிலிருந்து பெரிய பானை இறங்கியிருந்தது, நடுத்தரப் பானை இறங்கியிருந்தது, குடம், வாளி, டம்ளர்கூட விடவில்லை.

"காலி பண்ற வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார்.

"வரதைப் பிடிச்சு வெச்சேன். உங்களுக்கு என்ன?"

வால்வு பள்ளத்தில், சாலையோரக் குழியில் இருக்கிறது. நீளமான இரும்புச் சாவியை மாட்டித் திருக வேண்டும். முழுக்க மூட முப்பத்தெட்டுச் சுற்று. அப்பா பதித்த வால்வு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் முழுசாக மூடியதில்லை. இருபதாவது சுற்றில் இறுகியது. முப்பதில் பிடியை மாற்றிக்கொண்டார். கூட வந்த இரண்டு பேரும் உதவிக்கு வந்தார்கள், வேண்டாமென்று தலையாட்டினார். மேலே பையன் தவழ்ந்த வீட்டில் குழாய் வற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மிச்சம் எட்டையும் எண்ணித் திருகினார். வேலை முடிந்ததும் சாவியைத் துடைத்து வண்டியில் வைத்தார்.

அன்றைக்கே சாமான்கள் மேற்கு மேட்டுக்குப் போயின. அக்காவின் மேல்தளம் காலியாகத்தான் இருந்தது. "அறை இருக்கு, கட்டில் இருக்கு, துவைச்ச விரிப்புக்குப் பஞ்சமே இல்ல" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு தம்பி. ஊரார் வீட்டுச் சாவி ஒண்ணுகூட இந்த வாசப்படி தாண்டக் கூடாது." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆக, அவர் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விரிப்பு கீழே விழுந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் மூன்று பேரும் மாடியில் காய்ந்த துணி எடுத்தார்கள். எதிரே கிழக்கு மேடு இருண்டுகொண்டு வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அக்கா பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தாள்.

"எண்ணாதக்கா" என்றார் குழாய்க்காரர். "ஏழுதான் வரும்."

அக்கா எண்ணி முடித்தாள். "எட்டு வருது."

"தப்பா எண்ணியிருப்ப."

"நீயே எண்ணு."

அவர் விரல் விட்டு எண்ணினார். தபால்காரர் வீடு, கதவை அறைந்த அம்மாள் வீடு, அதற்கு மேலே ஐந்து. தள்ளி, சரிவின் ஓரத்தில் இன்னொன்று. அது அவர்களுடைய வீட்டு வாசல் விளக்கு.

திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு விரிப்பைத் தனியாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடங்கவில்லை.

"அணைக்க மறந்துட்டேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குப் போய் அணைச்சிடறேன்."

குழாய்க்காரர் போய் விரிப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.